கப்பல் ஏறும் பணம்! துரத்தும் வரி!

காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் வட்டாரத்தில் தென்னேரி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊரின் பெயரே ஏரியின் பெயர்தான். கடல் போலப் பரந்த ஏரி. தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையன் வெட்டிய ஏரி என்பார்கள். "திரையன் ஏரி" என்பது நாளடைவில் "தென்னேரி" ஆகிவிட்டதாம்.

இந்த ஏரிக்குக் கால் கிடையாது. மதகு வழியாகத் தண்ணீர் பாயும் நிலத்துக்கும் கால் கிடையாது. வரி வசூலிப்பவர் எந்த ஆண்டு வந்தாலும், நிலம் அதே இடத்தில்தான் கிடக்கும். ராஜாக்கள் காலத்தில் முதல் வரி நிலத்தின் மேல் விழுந்ததற்கு அதுதான் காரணம்.

காஞ்சிபுரம் வட்டாரம் பட்டுக்குப் பேர் போனது. வீட்டுத் தரையில் குழி தோண்டி, குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து நெய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பட்டு கர்நாடகத்தில் இருந்து வருகிறது. ஜரிகை சூரத்தில் இருந்து வருகிறது. பட்டு நூலுக்கு நூற்றுக்கு 5 ரூபாய் ஜி.எஸ்.டி. நெய்து முடித்த சேலைக்கும் நூற்றுக்கு 5 ரூபாய். தறிக்காரர் வரி ஆபீசு வாசலை மிதித்ததே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் அவர் வரி கட்டாத நாள் இல்லை. கடையில் வாங்கும் பொருளின் விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. அதில் இருந்து தப்பிக்க அவருக்கு வழியே இல்லை.

இறக்கை முளைத்த சொத்தும் உலகத்தில் உண்டு. கம்பெனிப் பங்குகள், பாங்கிப் பணம், கடன் பத்திரங்கள். காலையில் மும்பையில் இருக்கும். மாலையில் துபாயில் இருக்கும். சொத்துக்கு உடையவரும் விமானம் ஏறிவிடலாம். துபாயில் தனி மனிதருக்கு வருமான வரியே இல்லை!

தறிக்காரர் தப்பிக்க முடியாத வரியில் இருந்து கோடீசுவரர் மட்டும் எப்படித் தப்பிக்கிறார்? அவரைப் பிடிக்கச் சட்டம் என்ன செய்தது? இது இன்று நேற்றுக் கதை அல்ல. நமது தமிழ்நாட்டிலேயே அதற்கு நூறு ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது.

அன்று ஓடியவர்கள்

முதலில் ஒரு வேடிக்கை. பழங்காலத்தில் வரிக்குப் பயந்து ஊரை விட்டு ஓடியவர்கள் பணக்காரர்கள் அல்ல. ஏழைகள்தான் ஓடினார்கள்!

சோழர் காலத்தில் தறிக்கு வரி இருந்தது. "தறி இறை" என்று கல்வெட்டுகளில் வருகிறது. விஜயநகர ராஜாக்களின் ஆட்சியிலும் வரி நீடித்தது. மயிலாடுதுறைப் பக்கம் கொறுக்கை என்ற ஊரில் 1429-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதிகாரிகளும் நிலச்சுவான்தார்களும் சேர்ந்து, விளைச்சலைப் பார்க்காமல் வரி போட்டார்களாம். சனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடிப்போகவே இருந்தார்களாம். அப்புறம் யோசித்தார்கள். நாம் ஒற்றுமையாக இல்லாததால்தானே இந்த அநியாயம் என்று கூடிப் பேசினார்கள். இன்ன வரிதான் கொடுப்போம், அதற்கு மேல் கொடுக்க மாட்டோம் என்று முடிவு செய்து, அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

குடிகள் ஓடிப்போனால் ராஜாவுக்கு நஷ்டம். அதனால் வரியைக் குறைத்து அவர்களைத் திரும்ப அழைத்த சம்பவங்களும் கல்வெட்டுகளில் உண்டு.

அன்று ஓடியவர்களிடம் இருந்தது உயிரும் உழைப்பும் மட்டும்தான். பின்னால் கப்பல் வந்தது. பாங்கி வந்தது. அப்போதுதான் பணம் பயணம் செய்யத் தொடங்கியது.

கிட்டங்கி

செட்டிநாட்டு நகரத்தார்கள் கடல் கடந்து தொழில் செய்த கதை ஊர் அறிந்தது. பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று அவர்கள் போகாத துறைமுகம் இல்லை. அங்கே அவர்கள் தங்கித் தொழில் செய்த கட்டடத்துக்குக் "கிட்டங்கி" என்று பெயர். முதலாளி ஊரில் இருப்பார். அவருடைய ஏஜெண்டு மூன்று ஆண்டுத் தவணைக்குக் கப்பல் ஏறுவார். தவணை முடிந்ததும் கணக்குப் புத்தகத்தோடு ஊர் திரும்புவார்.

பர்மாவில் மட்டும் அவர்கள் போட்டிருந்த மூலதனம் 75 கோடி ரூபாய் என்று, 1930-ம் ஆண்டு வாக்கில் அங்கே நடந்த பாங்கித் தொழில் விசாரணையில் மதிப்புப் போட்டார்கள். அந்தக் காலத்து 75 கோடி! பர்மா விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். நெல் விலை சரிந்தபோது விவசாயிகளால் கடனை அடைக்க முடியவில்லை. அடமான நிலம் கை மாறியது. 1930-ல் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்கள் வசம் இருந்தது. 1938-ல் அது 25 பங்கு ஆயிற்று. பர்மியர்களுக்கு இதில் இருந்த கசப்பு கொஞ்சநஞ்சம் அல்ல.

சரி, இந்த லாபத்துக்கு வரி எங்கே கட்டுவது?

மூன்று ஆண்டு பொறுத்திரு!

1922-ம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டத்தில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. வெளிநாட்டில் வியாபாரம் செய்து லாபம் சம்பாதித்தால், அந்த லாபத்தை இந்தியாவுக்குக் கொண்டு வரும்போதுதான் வரி. அதுவும் மூன்று ஆண்டுக்குள் கொண்டு வந்தால்தான் வரி! மூன்று ஆண்டு கழித்துக் கொண்டு வந்தால் வரி இல்லை.

பணம் உள்ளவர் என்ன செய்வார்? பொறுத்திருப்பார். கொழும்பிலோ பினாங்கிலோ பணம் உட்கார்ந்திருக்கும். அங்கேயே வட்டிக்கு வட்டி சேரும். மூன்று ஆண்டு முடிந்தபின் மெதுவாக ஊருக்கு வரும். ஏஜெண்டின் தவணையும் மூன்று ஆண்டு, சட்டத்தின் தவணையும் மூன்று ஆண்டு! நல்ல பொருத்தம்தான்.

இன்னொரு வழியும் இருந்தது. புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். அதற்கென்று ஒரு ராஜா. பிரிட்டிஷ் இந்தியாவின் வருமான வரிச் சட்டம் அங்கே செல்லாது. செட்டிநாட்டு ஊர்களில் சில அந்த எல்லைக்குள் இருந்தன. வெளிநாடு போகவே வேண்டாம். சில மைல் நடந்தால் வேறு ராஜ்யம்! 1948-ம் ஆண்டு மார்ச்சு மாதம் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அந்தக் கதவு அத்தோடு அடைபட்டது.

இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. சட்டத்தில் கதவைத் திறந்து வைத்தால், ஆள் அதன் வழியாகத்தான் போவார்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1933-ல் மூன்று ஆண்டுச் சலுகையை எடுத்தார்கள். எப்போது கொண்டு வந்தாலும் வரி என்றார்கள். "அப்படியானால் கொண்டு வரவே வேண்டாம்" என்று பணம் வெளியே தங்கியது. 1939-ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். இந்தியாவில் நிலையாக வசிப்பவர், உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் வரி கட்ட வேண்டும். பணத்தைக் கொண்டு வந்தாலும் வராவிட்டாலும் வரி! கொண்டு வராத வருமானத்தில் ஆண்டுக்கு 4,500 ரூபாய் வரை மட்டும் தள்ளுபடி.

இன்றைக்கும் நம் வருமான வரியின் அஸ்திவாரம் அதுதான்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. பர்மா முதலில் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அது தனி நாடாகப் பிரிந்தது. ரங்கூனில் இருந்த பணம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரே இரவில் அது "வெளிநாட்டுப் பணம்" ஆகிவிட்டது!

அந்தப் பணத்தின் முடிவு சோகமானது. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பான் குண்டு போட்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவும் கப்பலிலும் தப்பி வந்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. நிலத்தைத் தேசிய மயமாக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. வரிக்குத் தப்பிய பணம், வரி கட்டிய பணம் என்று வரலாறு வித்தியாசம் பார்க்கவில்லை. இரண்டும் போயிற்று.

லண்டனில் ஒரு குடும்ப வழக்கு

வெளிநாட்டுச் சொத்துக்கு வரி கேட்பது நம்முடைய நாடு மட்டும் அல்ல. சொத்து இருக்கும் நாடும் கேட்கும்.

அருணாசலம் செட்டியார் என்ற பெரும் தனவந்தரின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அவர் குடும்பம் சென்னை ராஜதானியில். தொழில் இலங்கையிலும் மற்ற நாடுகளிலும். அவருடைய மகன் 1934-ல் இறந்துபோனார். தந்தை 1938-ல் காலமானார். குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லை. விதவைப் பெண்கள் மட்டுமே இருந்தார்கள்.

இலங்கையில் அப்போது சாவு வரி உண்டு. ஒருவர் இறந்தால் அவர் விட்டுப்போன சொத்தில் ஒரு பங்கை சர்க்காருக்குக் கட்ட வேண்டும். ஆனால் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு விலக்கு இருந்தது.

"கூட்டுக் குடும்பம் எங்கே இருக்கிறது? கடைசி ஆணும் இறந்துவிட்டாரே! வரி கட்டுங்கள்" என்றது இலங்கை சர்க்கார்.

"குடும்பம் அழியவில்லை. வீட்டுப் பெண்கள் சுவீகாரம் எடுத்தால் வாரிசு வந்துவிடுமே" என்றது குடும்பத்தின் தரப்பு.

கொழும்பு கோர்ட்டில் தொடங்கிய வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் விதவை பிள்ளையைத் தத்து எடுத்தால் குடும்பம் தொடருமா என்று, வெள்ளைக்கார நீதிபதிகள் சாஸ்திரங்களைப் புரட்டினார்கள்! 1957-ல் தீர்ப்பு வந்தது. குடும்பத்துக்கே வெற்றி. சுவீகாரம் எடுக்க வழி இருக்கும்வரை கூட்டுக் குடும்பம் உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

தந்தை இறந்து 19 ஆண்டு கழித்து! அந்தத் தீர்ப்பை நமது சுப்ரீம் கோர்ட்டும் பிறகு வரி வழக்குகளில் எடுத்துப் பேசி இருக்கிறது. 19 ஆண்டு வழக்கு நடத்தத் தறிக்காரரால் முடியுமா? பணம் உள்ளவருக்கு வக்கீலும் காலமும் துணை நிற்கும். வரிச் சட்டத்தில் இதை யாரும் எழுதி வைப்பது இல்லை.

நூற்றுக்கு 97 ரூபாய் 75 காசு

சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டிலும் 1953-ல் சாவு வரி வந்தது. 1956-ல் கால்டார் என்ற இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் இந்தியா வந்து ஒரு அறிக்கை கொடுத்தார். சொத்துக்கு வரி, செலவுக்கு வரி, தானமாகக் கொடுப்பதற்கும் வரி போடலாம் என்றார். பிறகு நிதி மந்திரி ஆனவர் நம்மவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. 1957-ல் அவர் சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டு வந்தார். 2 லட்ச ரூபாய்க்கு மேல் சொத்து இருந்தால் நூற்றுக்கு அரை ரூபாயில் தொடங்கி ஒன்றரை ரூபாய் வரை வரி.

வருமான வரியும் ஏறிக்கொண்டே போயிற்று. 1973-74-ல் மிக உயர்ந்த படியில் நூற்றுக்கு 97 ரூபாய் 75 காசு வரி! நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் கையில் மிச்சம் 2 ரூபாய் 25 காசு. இது வரியா, பறிமுதலா? கேட்டால் கோபம் வரும். கணக்கை மறைப்பவர்களுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஏற்றுமதிச் சரக்கின் விலையைக் குறைத்து எழுதுவது, இறக்குமதிச் சரக்கின் விலையைக் கூட்டி எழுதுவது, வித்தியாசத்தை வெளிநாட்டுப் பாங்கியில் போடுவது என்று ரகசிய வழிகள் பெருகின.

பிறகு ஒவ்வொன்றாக வரிகள் போயின. சாவு வரி 1985-ல் ஒழிந்தது. சொத்து வரியை 2015-ம் ஆண்டு பட்ஜெட்டில் நிதி மந்திரி அருண் ஜெட்லி ரத்து செய்தார். 2013-14-ல் அந்த வரியில் நாடு முழுவதும் வசூலானது 1,008 கோடி ரூபாய்தான். வசூலிக்கும் சிரமத்துக்கு அது கட்டுப்படி ஆகவில்லை என்றார். பதிலாக, ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மீது கூடுதல் சர்சார்ஜ் போட்டார்.

இத்தனை பணக்காரர்கள் உள்ள நாட்டில் சொத்து வரி 1,008 கோடி! பணக்காரர்கள் குறைவா, கணக்கு குறைவா?

மொரீஷியஸ் வழி

மொரீஷியஸ் தீவை நம் வாசகர்களுக்குத் தெரியும். தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன தீவு. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது.

1982-ல் இந்தியாவும் மொரீஷியசும் ஒரு வரி உடன்படிக்கை செய்தன. மொரீஷியஸ் கம்பெனி இந்தியப் பங்குகளை விற்று லாபம் அடைந்தால், அந்த லாபத்துக்கு மொரீஷியசில்தான் வரி. அங்கேயோ அப்படி ஒரு வரியே கிடையாது! ஆக, இங்கும் இல்லை, அங்கும் இல்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா? அந்தச் சிறிய தீவு பல ஆண்டுகள் இந்தியாவில் மிக அதிகமாக முதல் போடும் "நாடு" ஆயிற்று. இந்தியப் பணமே வெளியே போய், வெளிநாட்டு வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது என்று புகார் எழுந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2003-ல் உடன்படிக்கை செல்லும் என்று கோர்ட்டு சொன்னது. சர்க்காரே கையெழுத்துப் போட்ட உடன்படிக்கை அல்லவா! 2016-ல் அதைத் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் முதல் வாங்கிய பங்குகளுக்கு இந்தியாவில் வரி என்று ஆயிற்று. கதவை மூட 34 ஆண்டு பிடித்தது.

நிதி மந்திரியின் மனைவி

இங்கிலாந்து நமக்கு 1922-ம் ஆண்டுச் சட்டத்தைக் கொடுத்த நாடு. அங்கே என்ன நடந்தது தெரியுமா? வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டு வந்தால்தான் வரி என்ற சலுகையை நாம் 1939-ல் கைவிட்டோம். இங்கிலாந்தோ, வேறு நாட்டைச் சொந்த நாடு என்று சொல்லிக்கொண்டு தன் மண்ணில் வசிக்கும் பணக்காரர்களுக்கு, அதே சலுகையை இந்த நூற்றாண்டிலும் கொடுத்து வந்தது.

2022 ஏப்ரலில் அது பெரிய சர்ச்சை ஆயிற்று. அப்போது இங்கிலாந்தின் நிதி மந்திரி ரிஷி சுனக். அவருடைய மனைவி அட்சதா மூர்த்தி, நமது இன்போசிஸ் நாராயண மூர்த்தியின் மகள். அவருக்கு இன்போசிஸ் பங்குகளில் வரும் வருமானத்துக்கு அவர் இங்கிலாந்தில் வரி கட்டவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. சலுகைக்காக ஆண்டுக்கு 30,000 பவுன் கட்டணம் கட்டினார். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் ஊருக்கு வரி போடும் மந்திரியின் வீட்டிலேயே இப்படியா என்று சனங்கள் கேட்டார்கள். உலக வருமானம் முழுவதற்கும் இங்கிலாந்தில் வரி கட்டுகிறேன் என்று அந்த அம்மையார் அறிவித்தார்.

ரிஷி சுனக் பிறகு பிரதமர் ஆனார். 2024 மார்ச்சில் அவருடைய மந்திரிசபையே அந்தச் சலுகையை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி அது ஒழிந்தது. புதிதாகக் குடியேறுபவர்களுக்கு முதல் 4 ஆண்டுக்கு மட்டும் சலுகை உண்டு.

"போகிறாயா? கணக்கை முடி!"

நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும் பணக்காரரிடம் சில நாடுகள் வாசலிலேயே வரி வாங்குகின்றன. அமெரிக்காவில் 2008 முதல் கடுமையான சட்டம் இருக்கிறது. 20 லட்சம் டாலருக்கு மேல் சொத்து உள்ளவர் குடியுரிமையை விட்டால், தன் சொத்து முழுவதையும் முதல் நாள் விற்றுவிட்டதாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் லாபம் இருந்தால் வரி.

நார்வேயில் சொத்து வரி உண்டு. 2022-ல் அதை உயர்த்தினார்கள். பணக்காரர்கள் சிலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனார்கள். போகும்போது பங்கு லாபத்துக்கு வரி உண்டு. ஆனால் 5 ஆண்டு வெளியே இருந்துவிட்டால் அது தள்ளுபடி ஆகிவிடும். நம் 1922 சட்டத்தின் மூன்று ஆண்டு நினைவுக்கு வருகிறதா? அதே தந்திரம்தான்! நார்வே அந்தத் தள்ளுபடியை 2022 இறுதியில் எடுத்துவிட்டது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 1931-ல் ஜெர்மனியில் நாட்டை விட்டு ஓடும் பணத்தைத் தடுக்க ஒரு வரி போட்டார்கள். 2 லட்சம் மார்க்குக்கு மேல் சொத்து உள்ளவர் வெளியேறினால், அதில் கால் பங்கை வைத்துவிட்டுப் போக வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட வரிதான். பிறகு இட்லர் வந்தான். உயிருக்குப் பயந்து ஓடிய யூதர்களிடம் கொள்ளை அடிக்க அதே சட்டத்தைப் பயன்படுத்தினான். 2 லட்சம் என்ற வரம்பு 50 ஆயிரமாக இறங்கியது.

ஆகவே இப்படி ஒரு சட்டம் போட்டால் அது லாபத்தின் மேல் இருக்க வேண்டும். ஆளின் மேல் இருக்கக் கூடாது. இந்தியாவில் இப்படிப்பட்ட வெளியேற்ற வரி இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த கம்பெனியின் பங்கால் பல நூறு கோடி லாபம் கண்டவர், போகும் முன் கணக்கு முடித்துவிட்டுப் போகட்டும் என்று கேட்பதில் தவறு இல்லை என்பதே நம் கருத்து. ஆனால் பாஸ்போர்ட்டை மாற்றுகிறவர் எல்லாம் கோடீசுவரர் அல்ல. 2023-ல் 2,16,219 பேர் இந்தியக் குடியுரிமையை விட்டார்கள். அவர்களில் ஏராளமானவர்கள் வெளிநாட்டில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததும் மாறியவர்கள்தான்.

நாட்களை எண்ணும் சட்டம்

நம் சட்டம் ஆளைப் பிடிப்பது நாட்களை எண்ணித்தான். ஒருவர் ஓர் ஆண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் அவர் இங்கே வசிப்பவர். வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஊருக்கு வந்து போக 181 நாள் வரை தங்கலாம். பணக்காரர் சிலர் இதற்கென்றே நாட்காட்டியைப் பார்த்து விமானம் ஏறினார்கள். இங்கே சில மாதம், லண்டனில் சில மாதம், துபாயில் சில மாதம். எந்த நாட்டிலும் வசிப்பவர் இல்லை. எந்த நாட்டிலும் வரி இல்லை!

2020 பிப்ரவரி 1-ந் தேதி, மதுரையில் பிறந்த நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் இதற்கு ஒரு முடிவு கட்டினார். எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை, இந்தியாவில் வசிப்பவராகவே கருதுவோம் என்றார்.

அடுத்த நிமிஷம் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் வீட்டுக்கு வீடு கவலை! துபாயிலும் குவைத்திலும் சம்பளத்துக்கு வரி இல்லை. அங்கே வெல்டராகவும் டிரைவராகவும் உழைக்கும் பிள்ளைகள் "எந்த நாட்டிலும் வரி கட்டாதவர்கள்"தானே? அவர்கள் சம்பளத்தில் கை வைப்பார்களா? மறுநாளே சர்க்கார் விளக்கம் கொடுத்தது. நியாயமாக வேலை பார்ப்பவர்களை இது தொடாது என்றது. சட்டம் நிறைவேறியபோது வரம்பும் போட்டார்கள். வெளிநாட்டு வருமானம் நீங்கலாக ஆண்டுக்கு 15 லட்ச ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இந்த விதி. அப்படிப்பட்டவருக்கும், 120 நாள் தங்கினால் ஒரு கணக்கு என்று கெடு குறைந்தது. அவர்களுக்கும் வெளிநாட்டில் வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை.

சுறாவுக்கு வலை வீசும்போது நெத்திலி மாட்டக் கூடாது. முதலில் வீசிய வலையின் கண் சிறியது. சனங்கள் கூச்சல் போட்ட பிறகே அது பெரிதாயிற்று.

வரியை விட்டுவிட்டு, பாங்கிக் கடனை வாங்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு வேறு சட்டம். 2018-ல் வந்தது. 100 கோடிக்கு மேற்பட்ட குற்றம் செய்துவிட்டுத் திரும்பி வர மறுப்பவரின் சொத்தைப் பறிமுதல் செய்யலாம். 2016 மார்ச்சில் லண்டன் போன விஜய் மல்லையாதான் அதில் முதன்முதலாக "தப்பி ஓடிய பொருளாதாரக் குற்றவாளி" என்று 2019 ஜனவரியில் அறிவிக்கப்பட்டவர்.

ஒளித்து வைத்த பணம்

வெளிநாட்டில் ஒளித்து வைத்த பணத்துக்கு 2015-ல் தனிச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதிக்குள் தானாக வந்து சொன்னால், நூற்றுக்கு 30 வரி, 30 அபராதம். சொல்லாமல் பிடிபட்டால் 30 வரி, 90 அபராதம். அதாவது ஒளித்து வைத்தது நூறு ரூபாய் என்றால் கட்ட வேண்டியது 120 ரூபாய்! வேண்டும் என்றே ஏய்த்தது ருசுவானால் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை ஜெயில்.

வந்தவர்கள் எத்தனை பேர்? 648 பேர். அவர்கள் காட்டிய சொத்து 4,164 கோடி ரூபாய். வசூலானது சுமார் 2,476 கோடி. கோடிக்கணக்கான சனங்கள் உள்ள நாட்டில் 648 பேர்! இதை வெற்றி என்று கொண்டாட நமக்கு மனம் வரவில்லை.

மிரட்டலைவிடப் பலன் தந்தது வேறொன்று. இப்போது நாடுகள் தாமாகவே ஒன்றுக்கு ஒன்று பாங்கிக் கணக்கு விவரத்தை அனுப்புகின்றன. 2017 முதல் இந்தியா இதில் இருக்கிறது. ரகசியத்துக்குப் பேர் போன சுவிட்சர்லாந்தே 2019 செப்டம்பரில் முதல் பட்டியலை இந்தியாவுக்கு அனுப்பியது. கணக்கு யார் பெயரில், எவ்வளவு இருப்பு என்று எல்லாம் வருகிறது. பாங்கியில் போட்ட பணத்தை ஒளிப்பது இனிமேல் கஷ்டம்தான். வீடாகவும் நிலமாகவும் வாங்கிப் போட்டிருந்தால் இந்த வலையில் சிக்காது. வாரிசு இல்லாத வீட்டில் விதவையின் சுவீகார உரிமை வரை வாதாடிய உலகம் இது. அடுத்த ஓட்டையை இதற்குள் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

உங்கள் வீட்டுக்கு

இதெல்லாம் கோடீசுவரர் கதை, நமக்கு என்ன என்று இருந்துவிட வேண்டாம். மகனோ மருமகனோ சிங்கப்பூரிலோ துபாயிலோ பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி இருக்கலாம். அங்கே பழைய பாங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருக்கலாம். திரும்பி வந்த புதிதில் சட்டம் சில ஆண்டு விட்டுக்கொடுக்கிறது. அதன்பிறகு அவர் இங்கே நிலையாக வசிப்பவர். அப்போது வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கு என்று உள்ள பகுதியில் அந்தக் கணக்கை எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் 10 லட்ச ரூபாய் அபராதம் என்று 2015-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வீடு, நிலம் நீங்கலாக மற்ற வெளிநாட்டுச் சொத்துகள் எல்லாம் சேர்ந்து 20 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் அந்த அபராதம் வேண்டாம் என்று 2024 அக்டோபர் 1 முதல் தளர்த்தி இருக்கிறார்கள். அபராதம்தான் தளர்ந்தது. கணக்கைக் காட்டும் கடமை அப்படியே இருக்கிறது. பாங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விவரம் தெரிந்த ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது. படிவம் கொடுக்கும் கெடு முடிவதற்கு முன்னால்!